பாட்டி செய்து காட்டட்டும்

செமஸ்டர் முடிந்தால் மாணவர்களுக்கு விடுமுறை, எங்களுக்கு எக்செல். போன வாரம் முழுக்க அதுதான் வேலை. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்றோ நான்கோ கற்றல் விளைவுகள் இருக்கும், சி.எல்.ஓ. என்போம். தேர்வின் எந்தக் கேள்வி எந்த சி.எல்.ஓ.வுக்குப் போகிறது என்று பிரித்து மதிப்பெண்ணைப் போட்டுக்கொண்டே வந்தால் கடைசிக் கட்டத்தில் ஒரு விழுக்காடு வந்து நிற்கும். பச்சையாக இருந்தால் விளைவு எட்டப்பட்டது என்று அர்த்தம். சிவப்பாக இருந்தால் 'மேம்பாட்டு நடவடிக்கை' என்ற கட்டத்தில் நாலு வரி எழுதி ஒப்பேற்ற வேண்டும். இந்த முறை சமூக சுகாதாரப் பாடத்தில் மூன்றாவது சி.எல்.ஓ. எண்பதைத் தாண்டிவிட்டது. பச்சைப் பசேல். "நோயாளியுடனும் குடும்பத்தாருடனும் திறம்படத் தொடர்புகொள்வர்" என்பது அந்த விளைவு.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு வீடு மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில். வேலை ஈப்போவில், ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகக் குப்பை கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். எங்கள் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன, சில இடங்களில் தாமான், அதாவது குடியிருப்பு, எழும்பிவிட்டது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது மலிவுவிலை வீடுகளில் இருக்கிறார்கள். காலையில் கிளினிக்குப் போனால் அவர்களைப் பார்க்கலாம். நம்பர் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் போன மாதத்து மருந்து மிச்சத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு, பெரும்பாலும் இரண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதைவிட அதிகம். எங்கள் ஊர் கிளினிக் ஐந்தடியில் (முன்தாழ்வாரத்தில்) கொஞ்ச நேரம் உட்கார்ந்தவருக்கு இதை எந்த ஆய்வும் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மாணவிகள் சமூக சுகாதாரப் போஸ்டிங்குக்கு, அதாவது களப்பயிற்சிக்கு, இப்படிப்பட்ட கிளினிக்குகளுக்குத்தான் வருகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், விளைவு அடிப்படையிலான கல்விக்கு நான் எதிரியில்லை. நான் படித்த காலத்தில் டியூட்டர் குறிப்பு வாசிப்பார், நாங்கள் எழுதுவோம், தேர்வில் அதையே திருப்பி எழுதுவோம். 2007-இல் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனம்) சட்டம் வந்த பிறகு அது செல்லுபடியாவதில்லை. படித்து முடிக்கும் பிள்ளை எதைச் செய்யக்கூடியவளாக இருப்பாள் என்று முதலில் எழுது, அப்புறம் அதை எப்படிச் சோதித்தாய் என்று காட்டு என்கிறார்கள். நியாயம்தானே. 'புரிந்துகொள்வர்' என்று எழுதினால் கோப்பு திரும்பி வந்துவிடும், ஏனென்றால் புரிதலைக் கண்ணால் பார்க்க முடியாது. 'விளக்குவர்', 'செய்து காட்டுவர்', 'கணக்கிடுவர்' என்றால் போகும். பக்கத்திலேயே சி3, பி4, ஏ3 என்று குறியீடும் போட வேண்டும். சி என்பது அறிவு, பி கைத்திறன், ஏ மனப்பாங்கு. எண் எந்தப் படி என்பதைச் சொல்லும். ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் உழைப்பு நாற்பது மணி நேரம், அதையும் பிரித்துக் காட்ட வேண்டும். இவ்வளவு ஒழுங்காகத் திட்டம் போடுகிறோம். ஆனால் விளைவை எழுதுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட, அதை எங்கே நின்று பார்ப்பது என்பதில் காட்டுவதில்லை.

அந்த மூன்றாவது சி.எல்.ஓ.வை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணில் பாதி குழுவாகச் செய்த பவர்பாயிண்ட் படைப்பிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில், குளிர்சாதன அறையில், சக மாணவிகள் முன்னால் பேசியது. மீதிப் பாதி ஓஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு.

தாதிமைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஓஸ்கியைப் பற்றிக் கொஞ்சம். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட தேர்வுமுறை. அறையைச் சுற்றி நிலையங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. மணி அடித்ததும் மாணவர் அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல். அதற்கு முன்பு ஒருவருக்குச் சுலபமான நோயாளி, இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளி, மூன்றாமவருக்குச் சிடுமூஞ்சித் தேர்வாளர் என்று அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததை அது நிறுத்தியது. கைகழுவுவது, மருந்தளவு கணக்கிடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்றவற்றுக்கு ஓஸ்கியைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

தொடர்பாடல் நிலையத்துக்கு வரும்போதுதான் தகராறு. எங்கள் ஓஸ்கியில் 'நோயாளி' யார் தெரியுமா? ஒரு ஜூனியர் மாணவி. காது நன்றாகக் கேட்கும், கண் நன்றாகத் தெரியும், இன்சுலின் என்றால் என்ன என்று ஏற்கெனவே படித்திருப்பாள். எதிரே இருப்பது சீனியர் அக்கா என்பதால் அவள் சொல்வதற்கெல்லாம் "யெஸ் நர்ஸ், யெஸ் நர்ஸ்" என்று தலையாட்டுவாள். தேர்வாளர் கையில் இருக்கும் பட்டியலில் வணக்கம் சொன்னாரா, தன்னை அறிமுகப்படுத்தினாரா, படிப்படியாக விளக்கினாரா, புரிந்ததா என்று கேட்டாரா என்று வரிசையாக இருக்கும். புரிந்ததா என்று கேட்டால் ஒரு மதிப்பெண். என்ன பதில் வந்தது என்பதற்குக் கட்டமே கிடையாது.

எங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் சரிதான். "விளங்குச்சா பாட்டி?" "விளங்குச்சு தாயி." தோட்டத்து மருந்தகத்து டிரசரில் ஆரம்பித்து இன்றைக்கு மிஸ்ஸிகள் (நர்ஸுகள்) வரை, வெள்ளை உடுப்புக்கு முன்னால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத தலைமுறை அது. பயம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி வேறு விதமாகச் சொன்னார். "அந்தப் புள்ள எம்புட்டு நேரம் மூச்சுவிடாம பேசுச்சு. விளங்கலன்னு சொன்னா அதுக்கு மனசு கஷ்டப்படாதா?"

அந்த மூச்சுவிடாமல் பேசிய பிள்ளை எங்கள் வகுப்பில் முதல் வரிசை. நல்ல தமிழ், நல்ல குரல், பாட்டி பாட்டி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். இன்சுலின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கல் மருந்தை எப்படி உருட்டுவது, ஊசியை எப்படி மாட்டுவது, காற்றை எப்படி வெளியேற்றுவது, எத்தனைக்குத் திருப்புவது, எங்கே போடுவது, ஏன் தினமும் இடம் மாற்ற வேண்டும் என்று ஒன்றையும் விடவில்லை. அந்தத் தேர்வுப் பட்டியலை வைத்து மதிப்பெண் போட்டால் முழுசாகக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் ஊசி போட்டுப் பழகும் ஸ்பாஞ்சை எடுத்துப் பாட்டியின் மடியில் வைத்தேன். "பாட்டி, வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே இதுல ஒரு தடவை போட்டுக் காட்டுங்க." பாட்டி பேனாவை வாங்கினார். உருட்டவில்லை. ஊசியை மாட்டினார், வெளிமூடியைக் கழற்றினார், உள்ளே இருக்கும் சின்ன மூடியைக் கழற்றவில்லை. மூடியோடு ஸ்பாஞ்சில் அழுத்தினார். நான் அதை எடுத்துக் கொடுத்ததும் மறுபடியும் குத்தினார், பொத்தானை அமுக்கினார், அமுக்கிய கையோடு வெளியே இழுத்துவிட்டார். ஊசி முனையில் மருந்து சொட்டுச் சொட்டாக வழிந்தது. அந்தச் சொட்டு உடம்புக்குள் போயிருக்க வேண்டிய மருந்து. இப்படியே வீட்டில் போட்டுக்கொண்டு அடுத்த மாதம் வருவார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும். டாக்டர் அளவைக் கூட்டுவார்.

மாணவி முகம் சுருங்கிப் போனது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நாங்கள் சோதித்ததைத்தான் அவள் பழகியிருக்கிறாள்.

அதே போஸ்டிங்கில் கிளந்தானிலிருந்து வந்த ஒரு மலாய் மாணவி. தமிழில் அவளுக்குத் தெரிந்தது பாட்டி, சாப்பிட்டாச்சா, வலிக்குதா, அவ்வளவுதான். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். பவர்பாயிண்ட் படைப்பில் குழுவிலேயே குறைவான மதிப்பெண் அவளுக்குத்தான். இன்னொரு பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தபோதும் அவள் பேசியது கொஞ்சம். ஒரு படியைத் தான் செய்து காட்டுவாள், உடனே பேனாவை நீட்டி "ச்சுபா பாட்டி புவாட்" என்பாள், செய்து பாருங்கள் என்று. பாட்டி செய்வார். சரியாக இருந்தால் அடுத்த படி, தவறினால் அதே படி. தோட்டத்துப் பாட்டிகளுக்குப் பாசார் மலாய் தண்ணீர் பட்ட பாடு, அதனால் மொழி ஒரு தடையாகவே இல்லை. பொத்தானை அமுக்கியதும் மாணவி பாட்டியின் கையை மெதுவாகப் பிடித்து, "தாஹான், கிரா சம்பாய் செபுலோ" என்றாள். பத்து வரை எண்ணச் சொல்கிறாள். பாட்டி ஒன்னு, ரெண்டு, மூனு என்று தமிழில் எண்ணினார். பத்து வந்ததும்தான் ஊசி வெளியே வந்தது, சொட்டு இல்லை. பிறகு தொடக்கத்திலிருந்து முழுவதும் தனியாகச் செய்யச் சொன்னாள். உருட்டுவதை மறந்துவிட்டார். அதை மட்டும் திரும்பச் சொன்னாள்.

எங்கள் பட்டியல்படி இவளுக்குக் குறைவு, முதலாமவளுக்கு அதிகம். அறிமுகம் செய்துகொள்ளவில்லை, நோயின் காரணத்தை விளக்கவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசுவதும் குறைவு. எந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்த பாட்டியின் சர்க்கரை அடுத்த மாதம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்மில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுவோம். அப்படியென்றால் பட்டியல் எதை அளக்கிறது?

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கர் 1990-இல் ஒரு பிரமிடு போட்டுக் காட்டினார். அடியில் தெரியும் என்பது, அதற்கு மேல் எப்படி என்று தெரியும் என்பது, அதற்கும் மேல் செய்து காட்டுவது, உச்சியில் நிஜமாகவே செய்வது. எழுத்துத் தேர்வு கீழ் இரண்டைத் தொடும், ஓஸ்கி மூன்றாவதைத் தொடும். உச்சியைப் பார்க்க வார்டுக்குத்தான் போகவேண்டும். ஆசிரியர் பயிற்சியில் எல்லாரும் இதைப் படித்திருக்கிறோம், சுவரில்கூட ஒட்டியிருக்கிறோம். நான் இன்னும் ஒரு படி தள்ளிப் போகச் சொல்கிறேன். நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது என்ற ஒரு வேலையில் மட்டும் மாணவி என்ன செய்தாள் என்று பார்ப்பதும் போதாது. அவள் எழுந்து போன பிறகு நோயாளி என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். மருத்துவப் பணியாளர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று ராய் கெஸல்ஸ் 2003-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பாதிக்குப் பாதி காற்றோடு போகும் இடத்தில், பேசியதற்கு மதிப்பெண் போட்டு என்ன பயன்?

இது புதுசும் இல்லை. எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் மலேரியா இருந்த காலத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கொய்னா மருந்து கொடுத்துவிட்டு, விழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் வேலைக்கு விடுவார்களாம். மரியாதை இல்லாத முறை, வெள்ளைக்காரன் காலத்து அதிகாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் "முழுங்கிட்டியா?" என்று வாயால் கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை.

இன்சுலினிலேயே இன்னொன்று. கலப்பு வகைகளில் ஒன்றை உணவுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். எந்த மாணவியும் இதை மறப்பதில்லை, எழுத்துத் தேர்வில் எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்கள். ஒரு செம்பனைத் தொழிலாளி வந்தார், அறுபதை நெருங்கியவர், இன்னும் குலை வெட்டுகிறார். மாணவி சொன்னாள், அவர் சரி என்றார். நான் குறுக்கே புகுந்து, "ஐயா, காலையில என்ன சாப்பிடுவீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். விடியற்காலையில் ஊசி, அப்புறம் ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி), வேலைக்காட்டில் ஒன்பதரைக்குத்தான் ரொட்டி. நடுவில் அரிவாளும் கம்புமாக மரத்தடியில் நிற்கிறார். சர்க்கரை இறங்கி மயங்கினால் யார் பார்ப்பது? சில நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வயசாகுது இல்லையா என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். ஆக, "அரைமணி முன்னால்" என்று சொல்வது சி2, விளக்கும் படி. அவருடைய ஒரு நாளைக் கேட்டு வாங்கி, மருந்து அதில் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து டாக்டரிடம் கொண்டுபோவது சி4, பகுத்தாயும் படி. எங்கள் பாடத்திட்டத்தில் சி4 என்றுதான் எழுதியிருக்கிறது. தேர்வில் கேட்டது சி2.

சராசரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு செயல்முறைக்கு இருபது படி என்றால் படிக்கு ஒரு மதிப்பெண். நோயாளி யார் என்று சரிபார்க்காமல் மற்ற பத்தொன்பதையும் அழகாகச் செய்த மாணவிக்கு 95 விழுக்காடு. "லெட்சுமி" என்று கூப்பிட்டால் இரண்டு கட்டிலிலிருந்து "என்னம்மா" என்று பதில் வரும் வார்டுகள் இங்கே உண்டு. பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும், இல்லாவிட்டால் பெயரும் பதிவெண்ணும், இரண்டைச் சரிபார்க்காமல் மருந்து கொடுத்தால் அந்த 95-ஐ வைத்து என்ன செய்வது? இதற்கு மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு எங்களிடம் வந்துவிட்டது. சில படிகளுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறோம், அதைத் தவறவிட்டால் மொத்தமும் தோல்வி, மறுபடி வந்து செய்ய வேண்டும். மாணவிகள் அழுவார்கள், அழட்டும். ஆனால் அந்த நட்சத்திரமும் எக்செல்லுக்குள் போனதும் மறைந்துவிடுகிறது. இரண்டாம் முறை தேறியவரின் மதிப்பெண் மட்டும்தான் கட்டத்தில் ஏறுகிறது, முதல் முறை எத்தனை பேர் தவறினார்கள் என்பது எங்கேயும் இல்லை. மேம்பாட்டு நடவடிக்கை எழுத உண்மையில் தேவைப்படும் தகவல் அதுதான்.

செய்த வேலைகளுக்குக் கையெழுத்து வாங்கும் லாக்புக்கைப் பற்றி ஒரு வரி போதும். போஸ்டிங் கடைசி நாள் "சிஸ்டர், சைன் ப்ளீஸ்" என்று தாழ்வாரத்தில் துரத்துவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் இதைக் கொண்டுபோனேன். நல்ல மனுஷி, கோபப்படாமல் கேட்டார். அவர் சொன்ன மறுப்புகளும் லேசானவை இல்லை. ஒரு மாணவிக்குச் சூட்டிகையான பாட்டி கிடைப்பார், இன்னொருத்திக்குக் கை நடுங்கும் தாத்தா கிடைப்பார், நோயாளி செய்ததை வைத்து மாணவிக்கு மதிப்பெண் போடுவது நியாயமா? ஹார்டன் ஓஸ்கியைக் கொண்டுவந்ததே இதற்காகத்தானே?

உண்மைதான். அதனால் நோயாளி சரியாகச் செய்தாரா என்பதற்கு நான் மதிப்பெண் கேட்கவில்லை. நோயாளியைச் செய்யச் சொல்லி மாணவி பார்த்தாளா, தவறிய இடத்தைப் பிடித்தாளா, அதற்கு என்ன செய்தாள் என்பதற்குத்தான் கேட்கிறேன். கை நடுங்கும் தாத்தா கிடைத்தால் தாத்தாவால் முடியவில்லை என்று கண்டுபிடித்து, வீட்டில் வேறு யார் போடுவார்கள் என்று கேட்டு, மருமகளை அடுத்த முறை கூட்டிவரச் சொல்வது முழு மதிப்பெண் வேலை. அப்புறம் ஒரே ஒரு முறை பார்த்துத் தீர்ப்பெழுதவும் கூடாது. வெவ்வேறு நோயாளியிடம், வெவ்வேறு ஆட்கள் பார்க்கவேண்டும்: ஒரு முறை நான், ஒரு முறை அங்கேயே வேலை செய்துகொண்டு மாணவிகளை வழிநடத்தும் எல்.பி., ஒரு முறை வேறொரு ஆசிரியர்.

ரூப்ரிக்கையும், அதாவது மதிப்பெண் அளவுகோலையும், மாற்றி எழுதிக் கொடுத்தேன். பழையதில் 'திருப்தி', 'நன்று', 'மிக நன்று' என்று இருந்தது. ஒருவரின் நன்று இன்னொருவரின் மிக நன்று, தாராள மனசுக்காரர் கையில் எல்லாருமே மிக நன்று. புதியதில் கீழ்ப்படி: சொல்கிறார், கேட்பதில்லை. அடுத்தது: சொல்லிவிட்டுப் புரிந்ததா என்று கேட்கிறார். அடுத்தது: நோயாளியையே செய்யச் சொல்லிப் பார்க்கிறார். மேல்படி: செய்யச் சொல்லிப் பார்த்து, தவறிய படியை மட்டும் திரும்பக் கற்றுக்கொடுத்து, மறுபடியும் முழுவதும் செய்யச் சொல்கிறார். இதில் மனசுக்கு வேலை குறைவு, கண்ணுக்கு வேலை அதிகம். இரண்டு பேர் ஒரே காட்சியைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் டிக் போடுவார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பவர்பாயிண்ட் படைப்பை எடுத்துவிடுங்கள் என்றேன். சிரித்தார். எடுக்கவில்லை. ஆனால் அதன் பங்கைப் பாதியாக்கி, மிச்சத்தைக் கிளினிக்கில் பார்க்கும் மதிப்பீட்டுக்குத் தர, அடுத்த செமஸ்டர் ஒரு பாடத்தில் மட்டும் சோதனையாகச் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். பாடக் குழுவில் அதை நிறைவேற்ற வேண்டும், காகித வேலை ஒரு மூட்டை இருக்கிறது.

முதல் செமஸ்டரில் விழுக்காடு இறங்கும், சந்தேகமே இல்லை. சிவப்புகூட வரலாம். மேலிடத்தில் யாராவது "போன முறை நன்றாக இருந்ததே, என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பேனாவையும் ஸ்பாஞ்சையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். கேட்பவரிடம் ஒரு முறை விளக்கமாகச் சொல்லிவிட்டு, போட்டுக் காட்டுங்கள் சார் என்று கையில் கொடுத்துவிடுவேன். உள்மூடியைக் கழற்றுகிறாரா என்று பார்க்க வேண்டும்.